ஆகஸ்ட் 2013: பட்டியலும் முத்திரையும்

1

மாதா மாதம் வெளிவரும் வீடியோ கேம்களில் சிறந்தவை எவை என்று பட்டியல் போடுவது ஒரு தொழிலாகிவிட்டது. மாதக் கடைசியில் உட்கார்ந்து, வந்தவற்றில் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஒளியமைப்பு பிரமாதம், நாற்பது மணி நேரம் தாங்கும், தவறவிடக் கூடாது. ஆட்டத்தின் பெயரை மறைத்துவிட்டு இந்த வரிகளைப் படித்தால் எந்த ஆட்டத்தைப் பற்றியவை என்று சொல்ல முடியாது. எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பட்டியல் என்பதே கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. க.நா.சு. போட்ட பட்டியல்களோடு சண்டை போட்டே பலர் தங்கள் ரசனையை வளர்த்துக்கொண்டார்கள். பெயரைச் சொன்னால் போதாது, ஏன் என்று அலசிக் காட்ட வேண்டும் என்று சி.சு. செல்லப்பா வாதித்ததும் நமக்குத் தெரியும். இரண்டு பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு விமர்சனம் செய்துவிட முடியாது. பெயர் சொல்லத் துணியாத அலசல் வாத்தியார் வேலை. காரணம் சொல்லாத பெயர் சிபாரிசுக் கடிதம்.

பட்டியலைவிட மோசமானது எண். நூற்றுக்கு இத்தனை என்று பல பத்திரிகைகள் தரும் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி போடுகிறது மெட்டாக்ரிடிக். 2010ல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, இந்தச் சராசரி 85 ஆனால் போனஸ் என்று ஏற்பாடு. வந்தது 84. போனஸ் இல்லை. உருவாக்கியவர்களில் ஒருவரே 2012ல் வெளியில் சொன்ன விஷயம் இது. எண் போட்டவர்களில் யாரும் அந்த ஒன்றுக்கு என்ன காரணம் என்று சொல்லக் கடமைப்பட்டவரல்ல. அபிப்ராயம் கணக்காக மாறிவிட்டால் அபிப்ராயம் சொன்னவன் மறைந்துவிடுகிறான்.

மாதம் என்ற எல்லையும் நியாயமானதல்ல. 'பிக்மின் 3' ஜப்பானில் ஜூலை 13ந் தேதி வந்தது, அமெரிக்காவில் ஆகஸ்ட் 4ந் தேதி. அது எந்த மாதத்தின் ஆட்டம்? தேதியைத் தீர்மானிப்பது வியாபாரம். இருந்தாலும் இந்தச் செயற்கையான வேலியில் ஒரு லாபம் இருக்கிறது. காலம் ஏற்கெனவே ஆசீர்வதித்துவிட்ட பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. முன்னால் கிடப்பவற்றில் ஒன்றை எடுத்து, இது, ஏனென்றால் இது, என்று சொல்லியாக வேண்டும். 2013 ஆகஸ்டை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த ஒரு மாதத்தில் வந்த ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்தக் கலையை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது என்பதுதான்.

2

கவிதையில் சொல் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். சினிமாவில் பிம்பத்தையும், ஒரு பிம்பத்துக்குப் பின் எந்தப் பிம்பம் வருகிறது என்பதையும் பார்க்கிறோம். வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறவர்கள் கதையைச் சொல்கிறார்கள், படத்தைப் புகழ்கிறார்கள், இசையைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். இவை மூன்றும் மற்ற கலைகளிடம் கடன் வாங்கியவை. இதற்கென்று உள்ளது ஒன்றுதான்: ஆடுகிறவனின் கை. கையை என்ன செய்யச் சொல்கிறது ஆட்டம்? திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்தச் செய்கைக்கு என்ன அர்த்தம் ஏறுகிறது? உருவம் என்று நாம் சொல்வது இங்கே இதுதான்.

இதிலிருந்து ஒரு சின்னச் சோதனை கிடைக்கிறது. ஆட்டத்தின் கதையை எடுத்துவிட்டு வேறு கதையைப் போட்டால், கைக்குத் தெரியுமா?

ஆகஸ்ட் 20ந் தேதி 'ஸ்ப்ளின்டர் செல்: பிளாக்லிஸ்ட்' வந்தது. யூபிசாஃப்டின் டொரான்டோக் கிளை தயாரித்தது. இருட்டில் பதுங்கி, பின்னாலிருந்து தாக்கி, சத்தமில்லாமல் நகர்வது கையின் வேலை. அதை நன்றாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவைக் காப்பாற்றுவது என்ற கதையை எடுத்துவிட்டு ஒரு நகைத் திருடனின் கதையைப் போடுங்கள். கைக்கு எதுவும் தெரியாது. அதே நாளில் வந்த 'செயின்ட்ஸ் ரோ 4'ல் ஒரு ரவுடிக் கும்பலின் தலைவன் அமெரிக்க ஜனாதிபதியாகி வேற்றுக்கிரக வாசிகளோடு சண்டை போடுகிறான். ஆஸ்திரேலியாவில் முதலில் இதற்கு அனுமதி மறுத்தார்கள். தன் ஜாதி ஆட்டங்களையெல்லாம் கேலி செய்வதாக இதற்கு நினைப்பு. கேலி செய்துகொண்டே கேலிக்குரிய சரக்கையே விற்பது பழைய தந்திரம். நம் ஜனரஞ்சகப் பத்திரிகைகளுக்கும் தெரிந்ததுதான். 27ந் தேதி வந்த 'மேடன் என்எஃப்எல் 25' வருஷா வருஷம் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் புதுப்பித்து வரும் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்துக்கு விமர்சனம் எழுதுவதில்லை.

'ஸ்பெலங்கி' வேறு விஷயம். டெரெக் யூ இதை 2008ல் இலவசமாகக் கொடுத்தார், 2012ல் எக்ஸ்பாக்ஸுக்குப் புதிதாகச் செய்தார், 2013 ஆகஸ்ட் 8ந் தேதி அது கம்ப்யூட்டருக்கு வந்தது. ஒரு குகை. நுழையும் ஒவ்வொரு தடவையும் குகையின் அமைப்பு மாறுகிறது. செத்தால் முதலிலிருந்து. கதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எனவே கையை ஏமாற்றவும் எதுவும் இல்லை. இதைவிடச் சுத்தமான உருவம் அந்த மாதத்தில் கிடையாது. இதையே முதலில் வைப்பேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குப் பெரிய தகராறு கிடையாது. ஆனால் குகையில் கற்றது குகைக்கு மட்டுமே உதவுகிறது. ஒரு நல்ல செஸ் பிரச்னையைப் போல் தன்னைத் தவிர வேறெதையும் அது தொடுவதில்லை. தொட வேண்டும் என்று கேட்பது என் ரசனை. அதை மறைக்கப் போவதில்லை.

3

மீதி மூன்று. மூன்றுமே சிறியவை. மூன்றிலும் கதை உண்டு. கதைக்கும் கைக்கும் உள்ள உறவு ஒன்றிலிருந்து ஒன்று வித்தியாசப்படுகிறது.

அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த ஒரு சிறு குழு செய்த 'கான் ஹோம்' 15ந் தேதி வந்தது. 1995 ஜூன் மாதம், மழை இரவு. ஐரோப்பாவில் ஒரு வருஷம் சுற்றிவிட்டு வந்த மூத்த பெண் வீட்டுக்குள் நுழைகிறாள். யாரும் இல்லை. அறை அறையாகப் போகிறோம், டிராயரைத் திறக்கிறோம், கடிதத்தைப் படிக்கிறோம், கேஸட்டைப் போட்டுக் கேட்கிறோம். இரண்டு மூன்று மணி நேரம். சுடுவதற்கு எதுவும் இல்லை, தோற்கவும் முடியாது. இது கேமே இல்லை என்று ஒரு கூச்சல் எழுந்தது. யாப்பு இல்லாவிட்டால் கவிதையே இல்லை என்ற கூச்சலைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பதில் சொல்ல அவசியமும் இல்லை.

எனக்கு இருக்கும் ஆட்சேபம் வேறு. எடுத்த பொருளை அதே இடத்தில் திருப்பி வைக்க இந்த ஆட்டம் வசதி தருகிறது. வைக்காவிட்டால் தண்டனை இல்லை. ஆனாலும் வைக்கிறோம். சொந்த வீட்டிலேயே அந்நியராக இருப்பதன் கூச்சம் கையில் வந்துவிடுகிறது. அற்புதமான விஷயம். ஆனால் தங்கை ஸாமின் காதல் கதை வரும்போது ஆசிரியர்கள் கையை நம்பவில்லை. சில பொருள்களைத் தொட்டவுடன் ஸாமின் குரல் டயரியை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவள் கூட்டிச் சொல்லிவிடுகிறாள். அப்பாவின் கதைக்கோ குரல் கிடையாது. நாவலாசிரியராகத் தோற்று, வயிற்றுப் பிழைப்புக்கு ஸ்டீரியோ செட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர். விற்காத நாவல் பிரதிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கடிதம், ஒரு குறிப்பு. அவ்வளவுதான். எல்லோரும் ஸாமைப் பற்றியே எழுதினார்கள். ஓரத்தில் சொல்லாமல் விட்டதுதான் நடுவில் சொன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ ஸன்ஸ்' 7ந் தேதி வந்தது. ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் செய்தது. இயக்கியவர் ஜோசஃப் ஃபாரஸ் சினிமாவிலிருந்து வந்தவர். சினிமாக்காரர் என்பதால் சினிமா காட்டுவார் என்று எதிர்பார்த்தால் நேர்மாறாக நடந்திருக்கிறது. அப்பாவுக்கு நோய். அண்ணனும் தம்பியும் மருந்து தேடிப் போகிறார்கள். பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத பாஷை. இடது கை அண்ணனை நடத்துகிறது, வலது கை தம்பியை. ஆரம்பத்தில் இரண்டு கைகளும் குழம்புகின்றன. பிறகு பழகிவிடுகின்றன. பாட்டி சொல்லும் கதையை மீறி மூன்று மணி நேரம் எதுவும் நடப்பதில்லை. பல இடங்களில் அலுப்பு.

பிறகு அண்ணன் செத்துப்போகிறான். இடது கைக்கு வேலை இல்லை. அம்மா தண்ணீரில் போனதால் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் தம்பி, மருந்தோடு வீடு திரும்பும் வழியில் வெள்ளத்தின் முன் நிற்கிறான். அதுவரை அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொண்டு நீந்தியவன். வலது கை எதை அழுத்தினாலும் அவன் நகரமாட்டான். வேலையற்றுக் கிடந்த இடது கையின் பொத்தானை, அண்ணனின் பொத்தானை, அழுத்தினால்தான் தண்ணீரில் இறங்குகிறான். ஒரு சொல் கிடையாது. இந்தக் கணத்தை நாவலிலோ சினிமாவிலோ செய்ய முடியாது. அந்தக் கலைகளுக்கு நம் இடது கையோடு மூன்று மணி நேரப் பழக்கம் இல்லை. கதையை மாற்றிப் போட்டால் கைக்குத் தெரியுமா என்ற சோதனையில் இந்த இடம் முழுக்கத் தேறுகிறது. ஒரே ஒரு இடம். மிச்சமெல்லாம் அதற்குப் போகும் பாதை.

4

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆகஸ்ட் 8ந் தேதி வந்தது. நாட்டி டாக் என்ற பெரிய நிறுவனத்திலிருந்து விலகி ஜப்பானில் வாழ்ந்துவந்த அமெரிக்கர் லூகாஸ் போப், ஏறத்தாழ ஒன்பது மாதங்களில், பெரும்பாலும் தனியாளாகச் செய்தது. நிரல், படம், இசை எல்லாம் அவரே.

1982 நவம்பர் 23. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு. ஆறு வருஷ யுத்தம் முடிந்து எல்லைச் சாவடி திறக்கிறது. லாட்டரியில் பெயர் விழுந்து உங்களுக்குச் சாவடிக் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வரிசையில் ஆட்கள் வருகிறார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி, பெயர், தேதி, வழங்கிய ஊர், புகைப்படம், முத்திரை என்று சரிபார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்புச் செய்தால் இயந்திரம் கடகடவென்று ஒரு சீட்டைத் துப்புகிறது. ஒரு நாளில் முதல் இரண்டு சீட்டுகளுக்கு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து அபராதம். மாலையில் கணக்கு: வாடகை, சாப்பாடு, கணப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. பணம் போதாத நாளில் யாருக்குக் குளிர், யாருக்குப் பசி என்று தீர்மானிக்க வேண்டும். மருந்து வாங்க முடியாவிட்டால் ஒருவர் செத்துப்போவார். அதுவும் ஒரு வரியாகத்தான் கணக்கில் வரும்.

நாளுக்கு நாள் விதி கூடுகிறது. நுழைவுச் சீட்டு, வேலைச் சீட்டு, உயரமும் எடையும் குறித்த அடையாளத் தாள், தடுப்பூசிச் சான்றிதழ். மேஜை மட்டும் பெரிதாவதில்லை. காகிதத்தின் மேல் காகிதம். விதிப் புத்தகத்தை எங்கே வைப்பது என்றே தெரியாது. இந்தச் சிறிய மேஜை தற்செயலாக அமைந்ததல்ல. கொடுங்கோல் அரசு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கைக்கு இடம் போதாமல் செய்து காட்டியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் ஒரு ஆள் வருகிறான். காகிதம் எல்லாம் சரி. அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு பண்ணுங்கள் என்கிறான். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். சாதாரண ஆசிரியராக இருந்தால் இதோடு திருப்திப்பட்டிருப்பார்: சட்டமா, மனிதமா என்று ஒரு மேடைக் கேள்வி. போப் செய்திருப்பது அதைவிடக் குரூரம். ஆடுகிறவன் அந்த இடத்தில் நினைப்பது, இன்று எனக்கு எத்தனை சீட்டு வந்திருக்கிறது என்பதைத்தான். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் இன்னொரு தப்புக்கு இடம் இருக்கிறது. அவளை உள்ளே விடலாம். இரண்டு வந்துவிட்டது என்றால் மகனின் மருந்து ஞாபகத்துக்கு வருகிறது. கருணைக்கு ஒரு பட்ஜெட் ஏற்பட்டுவிடுகிறது. உள்ளே விட்டாலும் நல்லவனாக உணர முடிவதில்லை, ஏனென்றால் கையிருப்பைப் பார்த்துவிட்டுத்தான் விட்டோம்.

இன்னும் ஒரு படி கீழே போகிறது. காகிதத்தில் கோளாறு உள்ள ஆளைத் திருப்பி அனுப்பலாம். அல்லது கைது செய்யச் சொல்லிப் பொத்தானை அழுத்தலாம். ஒரு காவலாளி வந்து, கைதாகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எனக்குப் படி கிடைக்கிறது, உனக்கும் பங்கு தருகிறேன் என்கிறான். இரண்டு பேருக்கு ஐந்து. அதுவரை எடையில் சிறு வித்தியாசம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த கை, கைதுப் பொத்தானுக்குப் போகத் தொடங்குகிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விதி அனுமதிக்கிறது, வீட்டில் குளிர். எத்தனை பேரை அப்படி அனுப்பினோம் என்பது நாலைந்து நாள் கழித்துத்தான் உறைக்கிறது. வருகிறவர்களின் முகத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிடுவதற்கு மட்டுமே பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதும் அப்போதுதான்.

நம்மில் பலர் பகலில் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவர்கள். நான் வங்கியில். மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாத செக்கைத் திருப்புகிறேன். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் முதலில் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்கிறேன். நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வரும் கிழவிகளின் தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்காதபோது மறுபடி வையுங்கள் என்கிறேன். இதிலெல்லாம் விதி என் பக்கம். விதி என் பக்கம் இருப்பதால் நான் செய்தது எதுவும் நான் செய்ததல்ல என்ற சௌகரியம் எனக்கு உண்டு. குமாஸ்தாவைப் பற்றி நம் இலக்கியத்தில் நிறைய எழுதியாயிற்று. பெரும்பாலும் அவன் பரிதாபத்துக்குரியவன், நசுக்கப்பட்டவன். நசுக்கப்பட்டவன் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நசுக்கவும் செய்கிறான் என்பதைச் சொல்லிக்காட்டாமல், என் கையால் செய்ய வைத்துக் காட்டியது இந்த ஆட்டம். வாசகன் அந்தக் குமாஸ்தாவைப் பார்த்து அனுதாபப்பட்டோ அருவருத்தோ தப்பித்துக்கொள்ளலாம். ஆடுகிறவனுக்கு அந்த வழி இல்லை.

5

குறைகள் உண்டு. முதலாவது, அந்த நாடு. சாம்பல் நிறம், கனமான கோட்டு, கரடுமுரடான பெயர்கள், கழுகுச் சின்னம். பனிப்போர்க் கால கிழக்கு ஐரோப்பாவைப் பற்றி மேற்கில் புழங்கும் சித்திரம் அப்படியே வந்திருக்கிறது. பல நாட்டுக் குடியேற்றக் கவுண்டர்களில் தான் நின்ற அனுபவத்திலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது என்று போப்பே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அதை அர்ஸ்டோட்ஸ்காவுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டாம். இது வேறு எங்கோ, வேறு எப்போதோ நடப்பது என்று ஒரு அமெரிக்கனோ நாமோ சாய்ந்து உட்கார அந்தச் சாம்பல் நிறம் இடம் கொடுக்கிறது.

இரண்டாவது, எஸிக் என்ற ரகசிய இயக்கம். முகமூடி போட்ட தூதன், சங்கேதக் கடிதம், சதி. முடிவுகள் மொத்தம் இருபது. கணக்குப் பார்த்துக் கைது செய்துகொண்டிருந்தவனுக்குப் புரட்சிக்காரனாகும் வாய்ப்பு வந்துவிடுகிறது. இது மலிவான மன்னிப்பு. முதல் பத்து நாட்களில் சாத்தியமான தீவிரம் பிற்பாதியில் மர்மக் கதையின் பரபரப்பாக நீர்த்துவிடுகிறது. சதியே இல்லாமல் முப்பத்தொரு நாளும் முத்திரை குத்தவைத்திருந்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகியிருக்கும்; விற்றிருக்காது என்பதும் தெரியும்.

நாள் முழுக்க இதையே செய்துவிட்டு வருகிறவன் ராத்திரி இதையே எதற்கு ஆட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். பகலில் இதைப் பார்க்க முடிவதில்லை. வரிசை நீளமாக இருக்கிறது.

அடுத்த மாதம், செப்டம்பர் 17ந் தேதி, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' வந்து மூன்று நாளில் நூறு கோடி டாலர் சம்பாதித்தது. பத்திரிகைகளுக்கு ஆகஸ்ட் மறந்துபோயிற்று. ஒரு மாதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பேசுவதில் உள்ள நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என் வரிசை இது: 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' முதலில், அதன் பிற்பாதியையும் மீறி. அந்த ஒரு கணத்துக்காக 'பிரதர்ஸ்'. தனக்கென்று ஒரு நியாயத்தோடு 'ஸ்பெலங்கி'. அப்பாவின் கதைக்காக 'கான் ஹோம்'. ஐந்தாவது இடம் காலி. பத்து வரை நிரப்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வேறு பெயர் வைத்திருப்பவர்கள், அதில் கை என்ன செய்கிறது என்று எழுதட்டும்.